பையருக்கு எழுதும் இங்கிலீஷ்: திருப்பூர் பனியன் கம்பெனியில் நான் கற்றுக்கொண்டது

'டவுட்' என்ற ஒரு சொல்லால் எங்களுக்கு மூன்று நாள் போனது. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2009-இல் திருப்பூர் பி.என். ரோட்டை ஒட்டிய ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் உதவி மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டரை ஆரம்பம் முதல் ஷிப்மென்ட் வரை கவனிப்பவருக்கு உதவியாக, சேர்ந்தேன். காங்கயம் பக்கத்துக் கிராமம், பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். அதுவரை இங்கிலீஷில் சொந்தமாக ஒரு பக்கம் எழுதியதில்லை. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த லீவ் லெட்டர்தான் எனக்குத் தெரிந்த கடிதம். சேர்ந்த மூன்றாவது மாதம் சீனியர் மேடம் பிரசவ லீவில் போக, ஜெர்மனி பையரின், அதாவது எங்களிடம் சரக்கு வாங்கும் கம்பெனியின், ஆர்டர் ஒன்று என் மேஜைக்கு வந்தது. அளவுப் பட்டியலில் எல் சைஸுக்கும் எக்ஸ்எல் சைஸுக்கும் ஆர்ம்ஹோல் (கை பொருத்தும் இடம்) ஒரே அளவாக இருந்தது. கேட்டுச் சொல்லுமாறு, துணி வெட்டுவதற்கான அளவு மாதிரி போடும் பேட்டர்ன் மாஸ்டர் சொன்னார். நான் எழுதினேன்: 'வீ ஹேவ் டவுட்ஸ் அபவுட் யுவர் மெஷர்மென்ட் சார்ட்.'

பள்ளிக்கூடத்தில் "ஒரு டவுட்டுங்க சார்" என்று கை தூக்குவோமே, என் மனதில் இருந்தது அந்த டவுட். இங்கிலீஷ்காரர் காதில் அந்தச் சொல்லுக்கு 'நம்பிக்கையில்லை' என்ற வாடை அதிகம். 'உங்கள் அளவுப் பட்டியல் சரியாக இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை' என்றுதான் அது போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர்கள் பட்டியல் முழுவதையும் தங்கள் டெக்னிக்கல் ஆட்களிடம் கொடுத்து ஒவ்வொரு அளவாகச் சரிபார்த்துவிட்டு, மூன்று நாள் கழித்து, பட்டியலில் எதை நீங்கள் ஏற்கவில்லை என்று கொஞ்சம் கறாராகவே கேட்டு எழுதினார்கள். அந்த மூன்று நாளும், ஒவ்வொரு சைஸிலும் தைத்துக் காட்ட வேண்டிய சைஸ் செட் சாம்பிள் நின்றது, பேட்டர்ன் மாஸ்டர் வேறு வேலைக்குப் போய்விட்டார், ஷிப்மென்ட் தேதி மட்டும் நகரவில்லை. 'வீ ஹேவ் எ கொஸ்டின் அபவுட் த ஆர்ம்ஹோல் ஃபார் சைஸ் எக்ஸ்எல்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்குச் சாயங்காலமே பதில் வந்திருக்கும்.

எங்கள் ஆபீஸில் டாக்குமென்டேஷன், அதாவது ஏற்றுமதிக் காகித வேலை, பார்த்தவரை எல்லோரும் 'சார்' என்றுதான் சொல்வோம், அறுபதை நெருங்கியவர். டைப்ரைட்டிங்கில் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் முடித்தவர், டைப் அடித்த செய்தியைக் கம்பி வழியே அனுப்பிய டெலக்ஸ் காலத்திலிருந்தே பையர்களுக்கு எழுதி வந்தவர். டெலக்ஸில் லைனில் இருக்கும் நேரத்துக்குக் காசு. அதனால் ஒரு சொல் கூட வீணாகக் கூடாது என்பது அவர் கையில் ஊறியிருந்தது. இந்த விஷயம் காதுக்குப் போனதும் என்னைக் கூப்பிட்டு, "அம்மிணி, ஒரு வருஷத்துக்குப் பையருக்குப் போற லெட்டரை எங்கிட்டக் காட்டிட்டு அனுப்பு. அப்புறம் நீயே எழுதிக்கலாம்" என்றார். திட்டுவார் என்று நினைத்துப் போனவளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று இப்போதும் நினைவிருக்கிறது.

அவர் முதலில் கிராமரைத் தொடவே மாட்டார். பேப்பரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இதைத் தமிழ்ல சொல்லு" என்பார். சொன்னால், "யாரு செய்யோணும்? எதைச் செய்யோணும்? என்னைக்குள்ள?" என்று மூன்று கேள்வி. பாதி நாள் எனக்குத் தமிழிலேயே பதில் இருக்காது. 'த அப்ரூவல் ஹேஸ் டு பி கிவன், தென் ஒன்லி த பல்க் வில் பி ஸ்டார்ட்டட்' என்று எழுதியிருப்பேன். அப்ரூவல் யார் தர வேண்டும், பையரின் டிசைனரா, சென்னையில் இருக்கும் பையிங் ஆபீஸா? எந்த அப்ரூவல், கலருக்கா, அளவுக்கா? எனக்குத் தெரியும், கடிதத்துக்குத் தெரியாது. தமிழில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசினாலும் வினைமுற்று காப்பாற்றிவிடும், 'வந்ததும் ஆரம்பிச்சிடறோம்' என்றால் ஆரம்பிப்பது நாம்தான் என்று அந்த 'றோம்' சொல்லிவிடும். இங்கிலீஷ் வினைச்சொல்லில் அந்த வால் கிடையாது. எழுவாயை எழுதாவிட்டால் ஆள் காணாமல் போய்விடுவார். அவர் அந்த வரியை இரண்டாக உடைத்தார்: 'ப்ளீஸ் அப்ரூவ் த லேப் டிப்ஸ் பை 12 ஆகஸ்ட். வீ வில் ஸ்டார்ட் பல்க் டையிங் ஆன் 14 ஆகஸ்ட்.' லேப் டிப் என்பது கலர் சரியா என்று பார்க்கச் சின்னத் துணியில் சாயம் போட்ட மாதிரி, பல்க் என்பது மொத்தச் சரக்கு. நீ இதைச் செய், நாங்கள் அதைச் செய்வோம், இந்தத் தேதி, அந்தத் தேதி. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அப்படி உட்கார்ந்து எழுதத் தொடங்கிய சில மாதங்களில் எனக்கு ஒன்று புரிந்தது, இந்தப் பதிவே அதைச் சொல்லத்தான். என் தப்புகள் கண்டபடி வருவதில்லை. தமிழில் சரியாக யோசித்து, அதை அப்படியே இங்கிலீஷ் சொல்லால் மூடும் இடத்தில்தான் திரும்பத் திரும்ப வந்தன. ஆகவே இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டியதில்லை. நம் மொழியும் அந்த மொழியும் எங்கே பிரிகின்றன என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தால் போதும். நான் குறித்தவற்றில் முக்கியமானவற்றை இங்கே சொல்கிறேன்.

மரியாதையை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து ஆட்களுக்கு அது உடம்போடு ஒட்டியது. நமக்கு 'ங்க' இல்லாமல் வாய் திறக்காது. அனுப்புங்க, அனுப்புங்களேன், அனுப்ப முடியுங்களா என்று ஒவ்வொரு படியாகக் குழைந்து கேட்போம். அந்த மரியாதை முழுக்க வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. இங்கிலீஷில் அந்த வாலை ஒட்ட இடமில்லாததால் நாம் 'கைண்ட்லி'யை எடுத்து வரிக்கு வரி ஒட்டுகிறோம், 'ரெஸ்பெக்டட் சார்' என்று ஆரம்பிக்கிறோம், 'டூ த நீட்ஃபுல்' என்று முடிக்கிறோம். அதே கடிதத்தின் நடுவில், 'நீங்கள் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்' என்பதை 'யூ மஸ்ட் சென்ட் பிஃபோர் ஃபிரைடே' என்று எழுதுகிறோம். நமக்கு 'வேண்டும்' என்பது சாதாரணம். அவர்களுக்கு 'மஸ்ட்' என்பது உத்தரவு. அங்கே குழைவு எல்லாம் 'குட் யூ', 'வுட் யூ', 'வீ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட்' என்பவற்றில் இருக்கிறது. 'அனுப்ப முடியுங்களா' என்பதற்கு நேர் இங்கிலீஷ் 'குட் யூ ப்ளீஸ் சென்ட்'. இதைப் பிடித்துக்கொண்டபின் 'கைண்ட்லி' தானாகக் குறைந்தது. ஒரு கடிதத்தில் ஒரு 'ப்ளீஸ்', மிஞ்சினால் இரண்டு.

அடுத்தது வாக்கியம் போகும் திசை. தமிழில் காரணம் முன்னால் வரும், வினை கடைசியில் வரும். கரண்ட் இல்லாததால், ஜெனரேட்டர் ரிப்பேர் ஆனதால், துணி சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங்கில் துணி நின்றதால், நாளைக்கு சாம்பிள் அனுப்ப முடியவில்லை. கேட்கும் நமக்கு அது உறுத்தாது, கடைசி வரை காத்திருந்து கேட்பது நம் பழக்கம். இதையே நான் மூன்று 'டியூ டு' போட்டு எழுதுவேன். பையர் ஒரு நாளைக்கு எத்தனை நாட்டுக் கடிதங்களைப் பார்க்கிறவர்! முதல் வரியில் விஷயம் இல்லையென்றால் சாயங்காலம் பார்க்கலாம் என்று வைத்துவிடுவார். 'த சாம்பிள் வில் ரீச் யூ ஆன் 9 செப்டம்பர் இன்ஸ்டெட் ஆஃப் 6 செப்டம்பர்.' முதல் வரி இது. காரணம் அடுத்த வரியில், அதுவும் ஒரே ஒரு காரணம். நாலு காரணம் சொன்னால் நாலையும் நம்ப மாட்டார்கள் என்பார் சார், அது என் அனுபவத்திலும் சரியாகவே இருந்திருக்கிறது.

'எ', 'த' விஷயத்தில் நான் நிறைய நாள் தவித்தேன், தமிழில் அப்படி ஒன்று இல்லை அல்லவா. அவர் சொன்ன வழி எளிது. அந்த இடத்தில் தமிழில் 'ஒரு' போட்டுப் பார், 'அந்த' போட்டுப் பார், எது பொருந்துகிறதோ அதற்குரியதை எழுது. பையருக்கு இன்னும் தெரியாத பொருள் என்றால் 'எ', இருவருக்கும் எது என்று தெரிந்த பொருள் என்றால் 'த'. நூற்றுக்கு நூறு இது ஒத்துவராது, ஆனால் பெரும்பாலான வரிகளைக் கரையேற்றிவிடும். இதில் காசு சம்பந்தப்பட்ட இடம் ஒன்று உண்டு: 'ஃபியூ' என்பதும் 'எ ஃபியூ' என்பதும் ஒன்றல்ல. 'கொஞ்சம் கார்ட்டன் ரெடியாக இருக்கிறது' என்று சொல்ல நினைத்து 'ஃபியூ கார்ட்டன்ஸ் ஆர் ரெடி' என்று எழுதினால், 'ஏறக்குறைய ஒன்றும் ரெடியாகவில்லை' என்று பொருள் கொள்வார்கள். 'லிட்டில்', 'எ லிட்டில்' இரண்டுக்கும் அதே கதைதான். அதைவிட நல்ல வழி, எண்ணிக்கை போடுவது. 42 கார்ட்டன் ரெடி. அதற்குமேல் யாருக்கும் விளக்கம் வேண்டாம்.

எண்ணிக்கை என்றதும் பன்மை நினைவுக்கு வருகிறது. நாம் பத்து கார்ட்டன், அஞ்சு மெஷின், ரெண்டு ஆள் என்கிறோம், 'கள்' போடுவதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் 'டென் கார்ட்டன்', 'ஒன் ஆஃப் அவர் மெஷின்' வருகிறது. இரண்டிலும் கடைசியில் 'ஸ்' வேண்டும். எங்கே வேண்டாமோ அங்கே போட்டுவிடுவோம்: 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'எக்விப்மென்ட்ஸ்', 'அட்வைசஸ்'. இவை மூன்றுக்கும் 'ஸ்' கிடையாது.

காலம் காட்டுவதில் ஒரு குழி இருக்கிறது. 'நேத்து அனுப்பியிருக்கோம்' என்பது தமிழில் நல்ல வாக்கியம். 'வீ ஹேவ் சென்ட் இட் எஸ்டர்டே' இங்கிலீஷில் தப்பு. தேதி, நேற்று, போன வாரம் என்று முடிந்துபோன நேரத்தைச் சொன்னால் 'ஹேவ்' கூடாது, 'வீ சென்ட் இட் எஸ்டர்டே' என்பதுதான், அந்த 'சென்ட்'டில் கடைசி எழுத்து d அல்ல, t. அதேபோல 'இருக்கிறது, தெரிகிறது' என்பதை எல்லாம் 'வீ ஆர் ஹேவிங்', 'வீ ஆர் நோயிங்' என்று இழுக்க வேண்டாம், 'வீ ஹேவ்', 'வீ நோ' போதும். 'தான்', 'ஏ' இரண்டும் நம்மைப் பிடித்திருக்கும் விதம் இன்னொன்று: 'எஸ்டர்டே ஒன்லி', 'டுடே இட்செல்ஃப்'. அந்த அழுத்தமே வேண்டாம், தேதியைப் போட்டுவிடலாம். 'பற்றிப் பேசினோம்' என்பதால் 'டிஸ்கஸ் அபவுட்' வருகிறது, 'டிஸ்கஸ்' என்றாலே அந்த 'பற்றி' உள்ளே இருக்கிறது. 'ரிவர்ட்' என்பதை நாம் பதில் சொல்வதற்கு எழுதுகிறோம், வெளிநாட்டில் பலருக்கு அது பழைய நிலைக்குத் திரும்புவது. 'வீ வில் ரிவர்ட் ஆன் த கலர்' என்றால் பழைய கலருக்கே போகிறீர்களா என்று கேட்பார்கள். 'லுக் ஃபார்வர்ட் டு' என்பதற்குப் பின்னால் 'ஹியர்' அல்ல, 'ஹியரிங்'.

இவற்றையெல்லாம் சொன்னாலும், தப்புகள் எல்லாம் ஒரே எடை அல்ல. இதை எனக்குப் புரியவைத்தது எல்.சி., அதாவது சரியான டாக்குமென்ட் கொடுத்தால் பணம் தருவதாகப் பையரின் வங்கி கொடுக்கும் உறுதி (லெட்டர் ஆஃப் கிரெடிட்). வங்கிகள் எல்.சி.யைக் கையாள்வது யு.சி.பி. 600 என்ற விதிகளின்படி. பாரீஸில் இருக்கும் சர்வதேச வணிக சபை வெளியிட்டது, 2007 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. சார் அதன் பிரதி ஒன்றை டிராயரில் வைத்திருந்தார், ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. அதில் சாதாரண இங்கிலீஷ் சொற்களுக்குக் கூட அர்த்தம் வரையறுத்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அளவுக்கோ தொகைக்கோ முன்னால் 'அபவுட்' என்று இருந்தால் பத்து சதவீதம் கூடலாம், குறையலாம். 'ஆன் ஆர் அபவுட்' என்று ஒரு தேதி சொன்னால் அதற்கு முன் ஐந்து நாள், பின் ஐந்து நாள். ஷிப்மென்ட் காலத்தைச் சொல்லும்போது 'அன்டில்', 'டில்' என்றால் அந்தத் தேதியும் சேர்த்தி, 'பிஃபோர்' என்றால் அந்தத் தேதி சேராது. மாதத்தின் 'பிகினிங்' என்றால் 1 முதல் 10, 'மிடில்' 11 முதல் 20, 'எண்ட்' 21 முதல் கடைசி நாள் வரை. 'இமீடியட்லி', 'ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்' போன்றவற்றைப் பொதுவாகக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். நாம் கடிதத்தில் அதிகம் எழுதும் சொல்லே அதுதான்!

இந்த விதிகளோடு சேர்த்து வங்கிகள் பார்க்கும் ஐ.எஸ்.பி.பி. என்ற நடைமுறை நூல் இன்னொரு விஷயம் சொல்கிறது. 'மெஷின்' என்ற சொல்லில் ஓர் எழுத்து மாறி விழுந்தால், பொருள் மாறாதவரை அது டாக்குமென்ட்டை மறுக்கும் குறையாகாது. மாடல் 321 என்பது 123 என்று விழுந்தால் குறை. எழுத்துப்பிழைக்குப் பயந்து பயந்து, எண்ணையும் தேதியையும் சரிபார்க்காமல் அனுப்பியவள் நான். அன்று முதல் கடிதத்தைக் கடைசியாகப் பார்க்கும்போது முதலில் எண்கள், அடுத்து தேதிகள், அப்புறம் 'பை', 'அன்டில்', 'பிஃபோர்', கடைசியில்தான் மற்றவை என்று வரிசை வைத்துக்கொண்டேன்.

'பை', 'அன்டில்' இரண்டும் குழப்பினால் தமிழே கைகொடுக்கும். 'வெள்ளிக்கிழமைக்குள்' என்றால் 'பை'. 'வெள்ளிக்கிழமை வரை' என்றால் 'அன்டில்'. அந்த வேறுபாடு நம் நாக்கில் ஏற்கெனவே இருக்கிறது, நாம் பயன்படுத்திக்கொள்வதில்லை. தேதியை எழுதும்போது 05/04 என்று எண்ணாக மட்டும் போடவே கூடாது. நமக்கும் ஐரோப்பாவுக்கும் அது ஏப்ரல் 5, அமெரிக்கப் பையருக்கு மே 4. மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

2011 ஜனவரி 28-ஆம் தேதியைத் திருப்பூரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாத ஏற்பாடு இல்லாததால் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சாயக் கழிவால் நொய்யல் ஆறு செத்துப்போனது எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் செய்தித்தாளில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணி பட்ட காடுகள் என்ன ஆயின என்று பார்த்து வளர்ந்தவள் நான். அதனால் உத்தரவு தப்பு என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. ஆனால் மேஜையில் 24,000 பீஸ் ஆர்டர், நிட்டிங் முடிந்து சாயத்துக்குப் போகாமல் நிற்கும் துணி, மார்ச் 10 ஷிப்மென்ட் தேதி. நூல் விலையும் அப்போது ஏறிக்கொண்டே போனது. முதலாளி, "பையருக்கு நிலைமையை விளக்கி ஒரு லெட்டர் போடும்மா, டேட் வாங்கோணும்" என்று சொல்லிவிட்டு வெளியூர் டையிங் தேடிக் கிளம்பிவிட்டார்.

ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நீதிமன்றம், நொய்யல், கரண்ட், நூல் விலை, வேலையில்லாமல் ஊருக்குத் திரும்பும் ஆட்கள், எங்கள் கம்பெனியின் இத்தனை வருஷ நேர்மை, எல்லாம் அதில் இருந்தன. எழுதும்போது என் கண் கலங்கியது உண்மை. சார் அதை முழுக்கப் படித்தார். "நெஜந்தான் அம்மிணி, ஒவ்வொரு வரியும் நெஜம். ஆனா அவங்க நாளைக்குக் காலைல ஒரு முடிவெடுக்கோணும், அதுக்கு இதுல என்ன இருக்குது?" என்று கேட்டார். பிறகு நாலு சின்னப் பத்தியாக என்னையே எழுதச் சொன்னார். முதலில், ஆர்டர் எண்ணைப் போட்டு, ஷிப்மென்ட்டை மார்ச் 10-க்குப் பதில் ஏப்ரல் 5-ஆம் தேதிக்கு மாற்றித் தர வேண்டுகிறோம் என்பது. இரண்டாவது, இந்தத் தேதியில் நீதிமன்றம் இப்படி உத்தரவிட்டது, அதனால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடியிருக்கின்றன. அந்தப் பட்டறைகளையோ நீதிமன்றத்தையோ குறை சொல்லும் ஒரு சொல்லும் வேண்டாம். மூன்றாவது, உங்கள் ஆர்டரில் எது முடிந்தது, எது மீதி, வெளியூரில் சாயம் போட்டு எந்தத் தேதியில் என்ன நடக்கும். நாலாவது, உங்களிடமிருந்து எங்களுக்கு என்ன, எந்த நாளுக்குள் வேண்டும்.

அந்த நாலாவது பத்தியில்தான் நான் பெரிய தப்பு ஒன்றைச் செய்திருந்தேன். ஷிப்மென்ட் தேதியை மட்டும் நீட்டிக் கேட்டிருந்தேன். எல்.சி. காலாவதித் தேதி மார்ச் 31 அப்படியே நின்றது. ஏப்ரல் 5-இல் சரக்கு ஏறினால் டாக்குமென்ட்டை வங்கியில் கொடுக்கும்போது எல்.சி.யே செத்திருக்கும். யு.சி.பி.யில் வழக்கமாகச் சரக்கு ஏறிய 21 நாளுக்குள் டாக்குமென்ட் தர வேண்டும், ஆனால் எப்படியும் எல்.சி. காலாவதித் தேதிக்குள். சார் கணக்குப் போட்டு ஏப்ரல் 26 என்று எழுதச் சொன்னார். கடைசியில் போன வரி இது: 'வீ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் அமெண்ட் த எல்.சி. பை 11 ஃபெப்ருவரி, எக்ஸ்டெண்டிங் த லேட்டஸ்ட் டேட் ஆஃப் ஷிப்மென்ட் டு 5 ஏப்ரல் அண்ட் த எக்ஸ்பைரி டேட் டு 26 ஏப்ரல்.' இலக்கணப்படி என் முதல் கடிதத்திலும் பெரிய பிழை இல்லை. அனுப்பியிருந்தால் 24,000 பீஸுக்கான பணம் பையர் மனசு வைத்தால்தான் என்ற நிலைக்குப் போயிருக்கும்.

இரண்டு நாளில் பதில் வந்தது. இரண்டு தேதியும் கொடுத்தார்கள், மூன்று சதவீதம் டிஸ்கவுண்ட் கேட்டார்கள், முதலாளி பேசி இரண்டுக்கு முடித்தார். சரக்கு ஏப்ரல் 3-ஆம் தேதி தூத்துக்குடியில் ஏறியது.

கிளெய்ம், அதாவது சரக்கில் குறை சொல்லி இழப்பீடு கேட்பது, வரும்போது எழுதும் கடிதம் வேறு ரகம். சரக்கு போய்ச் சேர்ந்தபின் கலர் ஷேட் மாறியிருக்கிறது, இத்தனை பீஸ் விற்க முடியாது, டெபிட் நோட் (பணத்தில் பிடித்தம் செய்யும் சீட்டு) அனுப்புகிறோம் என்று வரும். படித்ததும் கை பதறும். நம்மில் பாதிப் பேர் உடனே 'எங்கள் தவறுதான், மன்னியுங்கள்' என்று எழுதுவார்கள், மீதிப் பேர் 'எங்கள் பக்கம் ஒரு குறையும் இல்லை' என்று எழுதுவார்கள், இரண்டும் விசாரிக்கும் முன்னால் எழுதப்பட்டவை. நான் இப்போது முதல் நாள் நாலு வரிதான் அனுப்புவேன்: உங்கள் கடிதம் கிடைத்தது, இதைக் கேட்க வருத்தமாக இருக்கிறது, பாதித்த பீஸ்களின் போட்டோவும் கார்ட்டன் எண்ணும் அனுப்ப முடியுமா, இந்தத் தேதிக்குள் எங்கள் பதில் வரும். 'வீ ரிக்ரெட் டு ஹியர்' என்பது வருத்தம். 'வீ அக்செப்ட்' என்பது பொறுப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் வைத்திருக்கும் சாம்பிளையும் டையிங் லாட் பதிவையும் எடுத்துப் பார்க்க வேண்டிய வேலை இருக்கிறது. பார்த்து, தப்பு நம்முடையது என்றால் சுற்றிவளைக்காமல் ஒத்துக்கொண்டு எழுத வேண்டும்: இரண்டாவது லாட்டில் 640 பீஸ், ஏற்கிறோம், இப்படிச் சரிசெய்கிறோம். நாங்கள் அப்படி எழுதியதால் எந்தப் பையரும் எங்களை விட்டுப் போகவில்லை.

சின்ன விஷயங்களும் உண்டு. பெயர் தெரியாமல் 'டியர் சார் ஆர் மேடம்' என்று ஆரம்பித்தால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி', பெயர் சொல்லி ஆரம்பித்தால் 'யுவர்ஸ் சின்சியர்லி' என்பது பிரிட்டிஷ் வழக்கம். அமெரிக்கர்களுக்கு வெறும் 'சின்சியர்லி' போதும். வெளிநாட்டுக்காரர்களுக்கு நம் பெயரைப் பார்த்து ஆணா பெண்ணா என்று தெரியாது, இனிஷியல் வேறு முன்னால் நிற்கும். எனக்கு வருஷக்கணக்கில் 'மிஸ்டர்' என்றே கடிதம் வந்துகொண்டிருந்தது, அது ஒவ்வொரு முறையும் உறுத்தியது. கையெழுத்துக்குக் கீழே பெயருக்கு முன்னால் 'மிஸ்' என்று போட ஆரம்பித்தபின் நின்றது.

சார் 2014-இல் ஓய்வு பெற்று கோபிக்குப் போய்விட்டார். இப்போது நான் சீனியர், எனக்குக் கீழே நாலு பேர். எல்லார் கையிலும் இலக்கணம் திருத்தித் தரும் கருவி இருக்கிறது, ஏ.ஐ. இருக்கிறது, நானும் பயன்படுத்துகிறேன், காற்புள்ளிக்கும் 'எ', 'த'வுக்கும் நன்றாகவே உதவுகிறது. ஆனால் போன வருஷம் எங்கள் பெண் ஒருத்தி '18-ஆம் தேதி அனுப்ப முடியலாம்' என்று 'மே பி ஏபிள் டு' போட்டு எழுதியதை அந்தக் கருவி அழகாக்குகிறேன் என்று 'வில் ஷிப்' என்று மாற்றிவிட்டது. முடியலாம் என்பது செய்வோம் என்று ஆகிவிட்டது. துணி அப்போது டையிங்கிலேயே இருந்தது. திருத்தியதை அவள் படித்தாள், இலக்கணம் சரி, வாக்கியம் அழகு, அதனால் கண்ணில் படவில்லை. அன்றிலிருந்து கருவி திருத்திய கடிதத்தை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். ஐந்து நிமிஷ வேலை.

நேற்றும் ஒரு கடிதம் வந்தது. தாராபுரத்துப் பெண், சேர்ந்து நாலு மாதம். லேபிள் ஆர்ட்வொர்க் கேட்டு பையருக்கு எழுதியிருந்தாள், 'கைண்ட்லி சென்ட் அட் த ஏர்லியஸ்ட்' என்று முடித்திருந்தாள். பேப்பரைக் கவிழ்த்து வைத்தேன்.

"என்னைக்குள்ள வேணும் கண்ணு?"

"வர்ற வியாழக்கிழமைக்குள்ளங்க்கா. இல்லீன்னா பிரிண்டிங் நிக்கும்."

"அதையே எழுது."